ஜெல் படலத்தின் மாடுலஸ் சரியாக வரவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

ஜெல்எம்ஏ (மெத்தாக்ரிலேட் ஏற்றிய ஜெலட்டின்) அல்லது பெக்டிஏ (பாலிஎதிலீன் கிளைக்கால் டைஅக்ரிலேட்) கரைசலில் எல்ஏபி என்ற இனிஷியேட்டரை (ஒளி பட்டதும் வினையைத் தொடங்கிவைக்கும் பொருள்) கலந்து, 365 அல்லது 405 நானோமீட்டர் விளக்கில் க்யூர் செய்து (ஒளியால் இறுகவைத்து), கண்ணாடி மேல் 50 முதல் 200 மைக்ரான் தடிமனில் ஒரு படலம் போட்டாயிற்று. இப்போது அதன் யங்ஸ் மாடுலஸ், அதாவது அது எவ்வளவு விறைப்பு என்ற எண், வேண்டும். இன்டென்டரில், அதாவது சின்ன முனையால் அழுத்தி விசையை அளக்கும் கருவியில், வைத்தால் எண் வந்துவிடும், அதில் சந்தேகமே இல்லை, மாதிரியை எப்படி வைத்தாலும் ஏதோ ஒரு எண் வரும், சாஃப்ட்வேர் அதற்கு மூன்று தசம இடங்களும் சேர்த்துக் கொடுக்கும். ஆனால் அந்த எண் ஜெல்லைப் பற்றியதா, அடியில் இருக்கும் கண்ணாடியைப் பற்றியதா, இல்லை காய்ந்துபோன மேல்பரப்பைப் பற்றியதா என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு வேலை செய்துவிடுங்கள். ஒளியே தேவைப்படாமல் வேதிவினையால் இறுகும் பாலிஅக்ரிலமைடு ஜெல் ஒன்றை 3 மில்லிமீட்டர் தடிமனில் வார்த்து, பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) ஊறவைத்து, குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் அதை அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து முதலில் அளவெடுங்கள். அது வழக்கமான எண்ணைக் கொடுத்தால் கருவி சரி, கோளாறு படலத்தில் இருக்கிறது. அதன் எண்ணே ஆடினால் உங்கள் ஜெல் ரெசிப்பியில் கை வைக்காதீர்கள், கருவியைப் பாருங்கள். ஏஎஃப்எம்மில் (அணுவிசை நுண்ணோக்கி; வளையும் மெல்லிய தகட்டின் முனையால் அழுத்தி, அந்த வளைவை லேசரால் பார்க்கும் கருவி) அடிக்கடி நடப்பது, காற்றில் எடுத்த டிஃப்ளெக்ஷன் சென்சிடிவிட்டியை (லேசர் சிக்னலை வளைவின் அளவாக மாற்றும் எண்) திரவத்துக்குள்ளும் அப்படியே பயன்படுத்துவது. லேசர் கதிர் தண்ணீருக்குள் போகும்போது விலகுவதால் அந்த மதிப்பு மாறிவிடும், திரவத்தில் வைத்தே கண்ணாடியை அழுத்தி மறுபடி எடுக்க வேண்டும்.

படலம் மெலிய மெலிய மாடுலஸ் ஏறுகிறது

அதே கரைசல், அதே விளக்கு, ஆனால் 200 மைக்ரான் படலம் ஒரு எண், 50 மைக்ரான் படலம் அதைப்போல இரண்டு மடங்கு. மெல்லிய படலம் நன்றாக க்யூர் ஆகியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளத் தோன்றும். பெரும்பாலும் அது இல்லை, நீங்கள் கண்ணாடியைத் தொட்டுப் பார்க்கிறீர்கள்.

தடிமனில் 10 சதவீதத்துக்கு மேல் அழுத்தாவிட்டால் அடித்தளத்தின் பாதிப்பு வராது என்ற விதியை எல்லோரும் சொல்வார்கள். கூர்முனைக்கும் கெட்டியான பூச்சுகளுக்கும் ஓரளவு பொருந்துகிற விதி அது. பெரிய கோள முனையோடு மென்மையான ஜெல்லுக்கு வரும்போது அது நம்மை ஏமாற்றிவிடும், ஏனென்றால் இங்கே முக்கியம் அழுத்திய ஆழம் அல்ல, தொடுபரப்பின் ஆரம். கோளத்தின் ஆரத்தையும் அழுத்திய ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் தொடு ஆரம் கிடைக்கும், அதைப் படலத்தின் தடிமனால் வகுத்து வரும் விகிதம்தான் பிழையைத் தீர்மானிக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோளத்தின் ஆரம் 250 மைக்ரான், அழுத்திய ஆழம் 4 மைக்ரான். தொடு ஆரம் சுமார் 32 மைக்ரான். படலம் 100 மைக்ரான் என்றால் நீங்கள் அழுத்தியது தடிமனில் வெறும் 4 சதவீதம், விதிப்படி பத்திரமான இடம். ஆனால் விகிதம் 0.32. கண்ணாடியோடு ஒட்டிய, கன அளவு மாறாத படலத்துக்கு 2002இல் டிமிட்ரியாடிஸ் குழு கொடுத்த திருத்தத்தைப் போட்டால், சாதாரண ஹெர்ட்ஸ் சமன்பாடு (அடியில் கண்ணாடியே இல்லை என்று வைத்து, விசையிலிருந்து மாடுலஸைக் கணக்கிடுவது) மாடுலஸை 1.5 மடங்காகக் காட்டும் என்று வருகிறது. இதையே 200 மைக்ரான் படலத்தில் செய்தால் 1.2 மடங்கு, 50 மைக்ரானில் 2.4 மடங்கு. ஒரே ஜெல், மூன்று மாடுலஸ்.

திருத்தம் சுலபம்தான். அந்த விகிதத்தை எடுத்து, 1 உடன், 1.133 பெருக்கல் விகிதம், 1.283 பெருக்கல் விகிதத்தின் இருபடி, 0.769 பெருக்கல் முப்படி, 0.0975 பெருக்கல் நாற்படி எல்லாவற்றையும் கூட்டினால் வரும் எண்ணால் ஹெர்ட்ஸ் விசையைப் பெருக்கி ஃபிட் செய்ய வேண்டும். படலம் கண்ணாடியோடு ஒட்டாமல் சும்மா மேலே கிடந்தால் குணகங்கள் வேறு (0.884, 0.781, 0.386, 0.0048), மேலே சொன்ன 100 மைக்ரான் படலத்துக்கு 1.5க்குப் பதில் 1.37 வரும். ஆகவே படலம் ஒட்டியிருக்கிறதா இல்லையா என்பதை நீங்கள் திட்டமாகத் தெரிந்திருக்க வேண்டும். பாதி ஒட்டி பாதி உரிந்த படலத்துக்கு எந்தத் திருத்தமும் உதவாது. கண்ணாடியை மெத்தாக்ரிலேட் சைலேனால் பூசிவிட்டு அதன் மேல் க்யூர் செய்தால் படலம் கண்ணாடியோடு வேதிப்பிணைப்பில் இருக்கும், அந்தக் குழப்பமே வராது. என்னைக் கேட்டால், மெல்லிய படலம் அளக்கிறவர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும்.

சின்ன முனைக்கு மாறுவது இன்னொரு வழி. ஆரம் 5 மைக்ரான் கோளத்தை 1 மைக்ரான் அழுத்தினால் 100 மைக்ரான் படலத்தில் பிழை 3 சதவீதத்துக்குள் அடங்கும். ஆனால் சின்ன முனை பரப்பில் இருக்கும் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் தனித்தனியாக உணரும், அதனால் நிறைய இடங்களில் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும்.

அப்புறம் தடிமன். திருத்தத்துக்குள் போட வேண்டியது ஊறிய பின் இருக்கும் தடிமன், ஸ்பேசரின் தடிமன் அல்ல. தனியாக மிதக்கும் ஜெல் கன அளவில் 1.5 மடங்கு உப்பினால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 14 சதவீதம்தான் கூடும். கண்ணாடியோடு ஒட்டிய படலம் பக்கவாட்டில் விரிய முடியாது, அந்த உப்பல் முழுவதும் உயரத்தில் போகும், 100 மைக்ரான் 150 வரை போகலாம். காலிப்பர் வைத்து அளக்காதீர்கள், அது ஜெல்லை நசுக்கிவிட்டுத்தான் எண் காட்டும். மைக்ரோஸ்கோப்பில் கண்ணாடிப் பரப்புக்கு ஒருமுறை, ஜெல்லின் மேல்பரப்புக்கு ஒருமுறை ஃபோகஸ் செய்து வித்தியாசத்தை எடுங்கள், காற்றில் வேலை செய்யும் லென்ஸ் என்றால் அதைச் சுமார் 1.33ஆல் பெருக்குங்கள். இந்தப் பெருக்கலை விட்டுவிட்டால் தடிமன் கால்பங்கு குறைவாக வந்து, திருத்தம் தேவைக்கு அதிகமாகி, மாடுலஸ் கீழே போய்விடும்.

அளக்க அளக்க எண் ஏறிக்கொண்டே போகிறது

காய்கிறது. 100 மைக்ரான் படலத்தில் இருக்கும் தண்ணீர் மிகக் கொஞ்சம், ஏசி காற்று நேராக அடிக்கும் மேசையில் சில நிமிடங்களில் அதில் கணிசமான பங்கு போய்விடும். தண்ணீர் போனால் சங்கிலிகள் நெருங்கும், மாடுலஸ் ஏறும். திரவத்துக்குள் மூழ்கவைத்து அளக்க முடிந்தால் வேறு பேச்சே வேண்டாம்.

மூழ்கவைக்காமல் ஈரமாக மட்டும் வைத்து அளக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். பரப்பில் இருக்கும் நீர்ப்படலம் முனையைச் சுற்றி ஏறிப் பிடித்து இழுக்கும். மேலே பார்த்த 250 மைக்ரான் ஆரமுள்ள கோளத்துக்கு இந்த இழுப்பு 200 மைக்ரோநியூட்டன் வரை போகலாம், 10 கிலோபாஸ்கல் ஜெல்லை 4 மைக்ரான் அழுத்தத் தேவைப்படும் விசையோ வெறும் 2 மைக்ரோநியூட்டன்தான். அளக்க வேண்டியதைவிட நூறு மடங்கு இரைச்சல்.

மூழ்கியிருந்தும் ஏறுகிறது என்றால் க்யூரிங் இன்னும் முடியவில்லை. கழுவாத எல்ஏபி உள்ளே மிச்சம் இருக்கும்போது, தடிமன் பார்க்கிறேன் என்று 405 நானோமீட்டர் லேசரில் கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப்பில் படம் எடுத்தால் அந்த லேசரே ஜெல்லை மேலும் இறுக்கிவிடும். முதலில் பிபிஎஸ்ஸை மாற்றி மாற்றிக் கழுவுங்கள், அதுவரை இருட்டில் வையுங்கள்.

இதற்கு நேர்மாறாக எண் இறங்கிக்கொண்டே போனால் ஜெல் இன்னும் ஊறி முடியவில்லை என்று அர்த்தம், ஒரு நாள் முழுக்க ஊறவிட்டு அளவெடுங்கள். பல நாட்களாக மெல்ல இறங்கினால், அதுவும் ஜெல்எம்ஏ என்றால், நுண்ணுயிர்கள் ஜெலட்டினைத் தின்கின்றனவா என்று பாருங்கள். செல் வளர்க்காத மாதிரிகளுக்கு 0.02 சதவீதம் சோடியம் அசைடு சேர்த்து வைப்பது வழக்கம். அது நச்சு, கையுறை போட்டுக் கையாளுங்கள், அமிலத்தோடு சேர விடாதீர்கள்.

மேல்பக்கம் பிசுபிசுப்பு, அடிப்பக்கம் கெட்டி

இன்டென்டர் மேலே தொட்டால் 2 கிலோபாஸ்கல், அதே படலத்தை உரித்துத் திருப்பிப் போட்டால் 8. ஆக்ஸிஜன்தான் முதல் சந்தேகம். காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் 25 டிகிரியில் சுமார் 0.25 மில்லிமோலார் ஆக்ஸிஜன் கரைந்திருக்கும். விளக்கு போட்டதும் பிறக்கும் ராடிக்கல்களை (சங்கிலியை வளர்க்கும், வினைத்துடிப்புள்ள மூலக்கூறு துண்டுகள்) அது விழுங்கிவிடும், அது தீர்ந்த பிறகுதான் சங்கிலி வளரத் தொடங்கும். உள்ளே இருப்பது ஒருமுறை தீர்ந்தால் போதும், ஆனால் மேல்பரப்புக்குக் காற்றிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. ஆகவே திறந்த பரப்பாக க்யூர் செய்யாதீர்கள், மேலே ஒரு கவர்ஸ்லிப் போடுங்கள், அல்லது நைட்ரஜன் ஓடவிடுங்கள்.

கவனிக்காமல் விடும் இடம் பிடிஎம்எஸ் (சிலிக்கோன் ரப்பர்) அச்சு. பார்க்க மூடியிருக்கிறது, ஆனால் பிடிஎம்எஸ் ஆக்ஸிஜனைத் தாராளமாக உள்ளே விடும், தனக்குள்ளும் நிறைய வைத்திருக்கும், அதைத் தொடும் ஜெல்லில் இறுகாத ஒரு மெல்லிய அடுக்கு எப்போதும் மிஞ்சும். 2015இல் வெளிவந்த கிளிப் முப்பரிமாண அச்சு முறை இதே விளைவை வேண்டுமென்றே பயன்படுத்துகிறது, ஆக்ஸிஜன் புகும் ஜன்னல் வைத்து, ஜன்னலை ஒட்டிய ரெசினை இறுகவிடாமல் திரவமாகவே வைத்திருக்கிறது. அங்கே நன்மை, நமக்குத் தொல்லை.

இரண்டாவது சந்தேகம் ஒளி ஆழத்தில் குறைவது. இது மெல்லிய படலத்தில் பெரிய விஷயம் இல்லை. 0.25 சதவீத எல்ஏபி, 365 நானோமீட்டர் என்றால் 100 மைக்ரான் தாண்டியும் 96 சதவீத ஒளி மிச்சம் இருக்கும். 1 மில்லிமீட்டரில் அது 65 சதவீதம் ஆகிவிடும். இதனால்தான் அதே கரைசலைத் தடித்த துண்டாக வார்த்து அளந்து படலத்தோடு ஒப்பிடும்போது நிதானம் வேண்டும், தடித்த துண்டின் அடிப்பக்கம் வேறு ஜெல்.

போன வாரம் வந்த எண் இந்த வாரம் வரவில்லை

விளக்கின் தூரத்தையும் நேரத்தையும் மட்டும் குறித்து வைத்திருப்பீர்கள். ரேடியோமீட்டர் வைத்து மாதிரி இருக்கும் இடத்தில் ஒளிச்செறிவை அளந்து எழுதுங்கள், ஒவ்வொரு முறையும். 10 மில்லிவாட்டில் 60 விநாடி, 5 மில்லிவாட்டில் 120 விநாடி, இரண்டும் ஒரே டோஸ்தானே என்று மாற்றிவிடவும் கூடாது. ராடிக்கல்கள் ஒன்றையொன்று சந்தித்து அணைவதால் வினைவேகம் செறிவின் வர்க்கமூலத்தைத்தான் பின்தொடர்கிறது, அதோடு செறிவு குறைந்தால் ஆக்ஸிஜன் மறுபடி உள்ளே வர நேரமும் கிடைக்கிறது. ஒரே டோஸ், வேறு ஜெல். இனிஷியேட்டரை மாற்றினால் இன்னும் மோசம். 365 நானோமீட்டரில் எல்ஏபியின் மோலார் உறிஞ்சுதிறன் சுமார் 218, இர்காக்யூர் 2959க்கு வெறும் 4. ஒன்றுக்குச் சரிபார்த்த நேரத்தை மற்றதற்குப் போட முடியாது.

ஜெல்எம்ஏ என்றால் வெப்பநிலை பெரிய குற்றவாளி. ஜெலட்டின் சங்கிலிகள் குளிர்ந்தால் மும்மடிச் சுருளாகப் பின்னிக்கொள்ளும், அந்த நிலையில் ஒளி பட்டால் அந்த அமைப்பே பூட்டப்பட்டு ஜெல் கெட்டியாகிவிடும். 22 டிகிரி ஏசி அறையில் பத்து நிமிடம் காத்திருந்து க்யூர் செய்ததும், மின்சாரம் போய் அறை 32 டிகிரியில் இருந்தபோது செய்ததும் ஒரே பொருள் இல்லை. 37 டிகிரி தட்டில் வைத்துச் செய்யுங்கள், அல்லது வேண்டுமென்றே குளிரவைத்தால் எத்தனை நிமிடம், எத்தனை டிகிரி என்று நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். புது பேட்ச் வந்தால் மெத்தாக்ரிலேட் ஏற்றம் எவ்வளவு என்று என்எம்ஆரில் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) பார்க்காமல் பழைய எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

அழுத்தும் வேகத்தை மாற்றினால் மாடுலஸ் மாறுகிறது

மூன்று காரணம் இருக்கலாம், பிரித்துப் பார்க்க வழி உண்டு. முனை ஜெல்லைத் தொடும் முன்பே இறங்கும் கோடும் ஏறும் கோடும் பிரிந்து நின்றால் அது திரவத்தின் இழுவை, ஜெல்லுக்குச் சம்பந்தமில்லை, வேகத்தைக் குறையுங்கள்.

தொட்ட பிறகுதான் வித்தியாசம் என்றால், ஒன்று தண்ணீர் துளைகள் வழியாக வெளியேறுகிறது, இல்லை சங்கிலிகள் தாமே தளர்கின்றன. ஒரே ஆழத்தில் நிறுத்தி விசை எப்படித் தளர்கிறது என்று பதிவு செய்யுங்கள், பிறகு வேறு ஆரமுள்ள முனையில் அதையே செய்யுங்கள். தண்ணீர் வெளியேறுவதுதான் காரணம் என்றால் தளரும் நேரம் தொடு ஆரத்தின் இருபடியாக மாறும், சங்கிலித் தளர்வு என்றால் முனை மாறினாலும் நேரம் மாறாது. அளவு புரிய ஒரு கணக்கு: நீர் பரவல் மாறிலி விநாடிக்கு 100 சதுர மைக்ரான் என்று வைத்தால், 5 மைக்ரான் தொடு ஆரத்துக்குக் கால் விநாடி, 1 மில்லிமீட்டர் தொடு ஆரத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். ஏஎஃப்எம் பார்ப்பது தண்ணீர் வடிந்த ஜெல்லை, பெரிய இன்டென்டர் பார்ப்பது வடியாத ஜெல்லை. இரண்டும் சரியான எண்தான், ஆனால் இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடக் கூடாது.

தொடுபுள்ளி எங்கே என்றே தெரியவில்லை

மென்மையான ஜெல்லில் கோடு மெல்ல மெல்லத்தான் எழும், இது இயல்பு. ஆனால் தொடும் முன்பே மெதுவாக ஏறினால் நீங்கள் வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அளக்கிறீர்களா என்று பாருங்கள், மின்னூட்டமுள்ள ஜெல்லும் முனையும் தூரத்திலேயே தள்ளிக்கொள்ளும். பிபிஎஸ்ஸில் அந்த வீச்சு ஒரு நானோமீட்டருக்கும் கீழ் போய்விடும். தொடும்போது கோடு கீழே குதித்தாலோ, விலகும்போது நீளமாக இழுத்துக்கொண்டு வந்தாலோ ஒட்டுதல் இருக்கிறது. ஒட்டுதலைக் குறைக்க முனையைப் புளூரானிக் எஃப்127 அல்லது பிஎஸ்ஏவில் (மாட்டு ரத்தத்தின் ஆல்புமின் புரதம்) ஊறவைத்துப் பாருங்கள். அப்படியும் ஒட்டினால் ஹெர்ட்ஸை விட்டுவிட்டு, ஒட்டுதலையும் கணக்கில் எடுக்கும் ஜேகேஆர் சமன்பாட்டைப் போடுங்கள். தொடுபுள்ளியைக் கண்ணால் குறிக்காமல் ஃபிட்டிலேயே ஒரு மாறியாக விடுவது நல்லது, பிறகு ஃபிட் எல்லையைப் பாதியாக்கிப் பாருங்கள், மாடுலஸ் மாறாமல் நின்றால் நம்பலாம்.

இழுத்துப் பார்த்தால் கோடு முழுக்க இரைச்சல்

5 மில்லிமீட்டர் அகலம், 100 மைக்ரான் தடிமன், 10 கிலோபாஸ்கல் ஜெல். 10 சதவீதம் இழுக்க எவ்வளவு விசை? அரை மில்லிநியூட்டன், அதாவது 50 மில்லிகிராம் எடை. ஆய்வகத்தில் இருக்கும் 10 நியூட்டன் லோட் செல்லால் (விசை உணரி) அதைப் பார்க்கவே முடியாது. 20 மில்லிமீட்டர் நீளத் துண்டின் சொந்த எடையே 10 மில்லிகிராம், அளக்க வேண்டிய விசையில் ஐந்தில் ஒரு பங்கு. மில்லிநியூட்டனுக்குள் பிரித்துப் பார்க்கும் லோட் செல் இருந்தால், துண்டை நீர்த்தொட்டிக்குள் மூழ்கவைத்து இழுங்கள், மிதப்பு அந்த எடையைக் கிட்டத்தட்ட முழுவதும் எடுத்துக்கொள்ளும். கிரிப் இறுக்கினால் ஜெல் நசுங்கி அங்கேயே அறும், ஆகவே ஒரு காகிதச் சட்டத்தில் இரண்டு முனையையும் சயனோஅக்ரிலேட் பசையால் ஒட்டி, சட்டத்தோடு கிரிப்பில் மாட்டி, இழுப்பதற்கு முன் பக்கக் காகிதத்தை வெட்டிவிடுங்கள். கிரிப் ஓரத்தில் அறுந்தவற்றை முறிவு வலிமைக் கணக்கில் சேர்க்காதீர்கள், மாடுலஸுக்கு அவற்றின் தொடக்கப் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். அந்த லோட் செல் இல்லையென்றால் இந்தச் சோதனையை விட்டுவிடுங்கள்.

ரியோமீட்டரும் இன்டென்டரும் ஒத்துப்போகவில்லை

முதலில் மூன்றால் பெருக்கினீர்களா? ரியோமீட்டர், அதாவது இரண்டு தட்டுகளுக்கு நடுவில் ஜெல்லைத் திருகிப் பார்க்கும் கருவி, தருவது ஷியர் மாடுலஸ் (பக்கவாட்டில் சரிப்பதற்கு எதிரான விறைப்பு), கன அளவு மாறாத பொருளுக்கு யங்ஸ் மாடுலஸ் அதைப்போல மூன்று மடங்கு. பெருக்கிய பிறகும் ரியோமீட்டர் எண் குறைவாக இருந்தால் வழுக்கல் பாருங்கள்: ஸ்ட்ரெயினை (உருமாற்றத்தின் அளவை) கூட்டிக்கொண்டே போகும்போது மாடுலஸ் சீக்கிரமே சரிந்தால், தட்டில் நுண்ணிய மணல்தாள் ஒட்டி மறுபடி செய்யுங்கள், சரிவு தள்ளிப்போனால் வழுக்கியதுதான். வட்டத்தின் அளவும் கொடூரமாகப் பழிவாங்கும், ஏனென்றால் டார்க் (திருகுவிசை) ஆரத்தின் நாற்படியாகப் போகிறது. 8 மில்லிமீட்டர் தட்டுக்கு 7.6 மில்லிமீட்டர் வட்டம் வெட்டி வைத்தால் எண் 19 சதவீதம் குறையும். மெல்லிய படலத்தில் இடைவெளிப் பிழையும் சேரும்: 100 மைக்ரான் இடைவெளியில் தட்டுகள் 20 மைக்ரான் கோணலாக இருந்தால் எண்ணில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். இதனால் படலத்தை ரியோமீட்டரில் வைப்பதைவிட, தட்டுக்கு நடுவிலேயே கரைசலை ஊற்றி அடியிலிருந்து ஒளி கொடுத்து க்யூர் செய்வது மேல், ஆனால் அது ஊறாத ஜெல்லின் எண். ஊறியபின் மாடுலஸ் குறையும், இன்டென்டரில் நீங்கள் அளந்தது ஊறிய ஜெல்.

இன்டென்டர் எண் குறைவாக வரும் பக்கமும் உண்டு. தண்ணீர் வடிந்த நிலையில் அளந்துவிட்டு பாய்சான் விகிதம் (ஒரு திசையில் இழுத்தால் குறுக்கே எவ்வளவு சுருங்கும் என்ற எண், கன அளவு மாறாவிட்டால் 0.5) 0.5 என்று போட்டிருப்பீர்கள். படலம் அல்லாமல் தடித்த துண்டில் ஒரு தளர்வுச் சோதனை செய்து, தொடக்க விசையை முடிவு விசையால் வகுங்கள். அது, 1இலிருந்து பாய்சான் விகிதத்தைக் கழித்ததன் இரு மடங்குக்குச் சமம். 1.4 வந்தால் பாய்சான் விகிதம் 0.3. அந்த எண்ணைப் போட்டு மறுபடி கணக்கிட்டு, ஷியர் மாடுலஸாக மாற்றி, அப்போது ரியோமீட்டரோடு ஒப்பிடுங்கள்.